மவுண்ட் ரோடு போயிருக்கார்

வீட்டில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவன் சும்மா இருக்கிறவன். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இப்படி எழுதவில்லை. ஆனாலும் நம் தெருக்களில் இந்தச் சட்டம் கண்டிப்பாக அமலில் இருக்கிறது.

கேஸ் சிலிண்டர் வந்தால் வாங்கி வைக்கவேண்டும். எதிர் வீட்டுக்கு வந்த கூரியருக்குக் கையெழுத்துப் போடவேண்டும். டாங்க் வழிவதற்குள் மோட்டாரை நிறுத்தவேண்டும். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போனால் சாவி நம்மிடம். ஏன் என்று கேட்டால் ஒரே பதில்: "அவர்தான் வீட்ல சும்மா இருக்காரே!" அந்தச் சும்மா இருக்கிற மனிதர் 3 மணிக்குள் அனுப்பவேண்டிய கட்டுரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பது யார் கண்ணிலும் படுவதில்லை.

2020 மார்ச் 25 வரை இது என் போன்ற ஃப்ரீலான்ஸ் ஆசாமிகளின் சொந்தத் துக்கம். அன்று ஊரடங்கு ஆரம்பித்ததும் தேசியப் பிரச்னை ஆகிவிட்டது. ஏ.சி. கேபினில் இருந்த மானேஜர்கள் எல்லாம் சாப்பாட்டு மேஜையில் ரசப் பாத்திரத்துக்கும் ஊறுகாய் பாட்டிலுக்கும் நடுவே கடை விரித்தார்கள். மேலே சட்டை, கீழே லுங்கி. மீட்டிங்கில் எம்.டி. பேசும்போது மூன்றாவது விசில் அடித்தது. ஊரடங்கு போனாலும் அந்தப் பழக்கம் முழுசாகப் போகவில்லை. வாரத்தில் 2, 3 நாள் வீட்டிலிருந்தே வேலை என்கிற கம்பெனிகள் இன்றைக்கும் இருக்கின்றன. ரசப் பாத்திரமும் இருக்கிறது.

எனவே, வீட்டுக்குப் பின்னால் ஒரு தென்னை, ஒரு முருங்கை, ஒரு துவைக்கிற கல் என்று கொஞ்சம் இடம் மிச்சமிருக்கிற பாக்கியசாலிகளுக்கு இந்த வாரம். தோட்டத்தில் ஆபீஸ் போடுவது எப்படி? தாம்பரம் பக்கத்தில் அப்பா கட்டிய வீட்டின் கொல்லையில் 12க்கு 10 அடியில் ஒன்று கட்டி, அதில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். பிளான் போட்டபோது அப்பா கேட்ட ஒரே கேள்வி: "கொல்லைல ஆபீஸா? வாட்ச்மேன் யாரு?"

*

இந்த வித்தையில் நமக்கெல்லாம் முன்னோடி பெர்னார்ட் ஷா. இங்கிலாந்தில் அயட் செயின்ட் லாரன்ஸ் என்கிற கிராமத்தில் 1906 முதல் 1950இல் இறக்கும்வரை வாழ்ந்தார். பெரிய வீடு. ஆனால் எழுதுவதற்கு மட்டும் தோட்டத்துக் கோடியில் ஒரு மரக் குடிசை. 64 சதுர அடிதான். நடுவில் ஓர் இரும்புத் தூண், கீழே வட்டமாகத் தண்டவாளம். தோளைக் கொடுத்துத் தள்ளினால் குடிசையே திரும்பும். காலையில் கிழக்கே, மாலையில் மேற்கே என்று சூரியகாந்திப் பூ மாதிரி வெயிலைத் துரத்திக்கொண்டே எழுதியிருக்கிறார்.

இதைவிட சாமர்த்தியமான விஷயம் ஒன்று உண்டு. குடிசைக்கு அவர் வைத்த பெயர் 'லண்டன்'. வேண்டாத விருந்தாளி வந்தால், "ஐயா லண்டனில் இருக்கிறார்" என்று சொல்லி அனுப்பிவிடலாம். பொய் சொன்ன பாவம் யாருக்கும் இல்லை.

இன்னொருவர் குழந்தைகளுக்குக் கதை எழுதிய ரோல்ட் டால். கிரேட் மிசெண்டனில் அவர் வீட்டுத் தோட்டத்திலும் ஒரு குடிசை. 1940இல் லிபியப் பாலைவனத்தில் விமானம் விழுந்து அடிபட்டதில் அவருக்கு முதுகுத் தொல்லை. அதனால் மேஜையே வைத்துக்கொள்ளவில்லை. பழைய சாய்வு நாற்காலியின் முதுகில் தனக்குத் தோதாக ஓர் ஓட்டை போட்டுக்கொண்டு, கைப்பிடிகளின் குறுக்கே ஒரு பலகையை வைத்து எழுதினார். கூர் சீவிய 6 பென்சில். அவ்வளவுதான் சரக்கு.

இவர்கள் வீட்டில் அறைக்கா பஞ்சம்? பிறகு ஏன் ஈரப் புல்லை மிதித்துக்கொண்டு குடிசைக்குப் போனார்கள்? அந்தப் 'போவது'தான் விஷயம். ஆபீஸ் என்பது மேஜை, நாற்காலி இல்லை சார். ஒரு வாசலைத் தாண்டிப் போவதும், வேலை முடிந்து திரும்பி வருவதும்தான் ஆபீஸ். என் வீட்டுச் சமையலறைக் கதவிலிருந்து கொல்லை அறைக்கு 22 தப்படி. அந்த 22 தப்படிக்காகத்தான் இத்தனை செங்கல்லும் சிமென்ட்டும்.

*

இனி நம் ஊர் விவகாரம். ஷாவுக்குக் குளிர், வெயிலைத் துரத்தினார். தாம்பரத்தில் அந்தக் குடிசையைக் கட்டினால் வெயிலிலிருந்து தப்பிக்க எதிர்ப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கவேண்டியதுதான். எழுதவெல்லாம் நேரம் இருக்காது. இங்கே சௌகரியம் என்றால் முதல் அர்த்தம் சூடு இல்லாமல் இருப்பது.

"வாஸ்து பாத்தீங்களா சார்?" என்று கொத்தனார் கேட்டார்.

"இல்ல, சூரியனைப் பாத்தேன்."

சென்னை ஏறக்குறைய 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. இதனால் ஒரு வேடிக்கை. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிவரை நடுப்பகல் சூரியன் நம் தலைக்குக் கொஞ்சம் வடக்கே நிற்கும். மற்ற மாதங்களில் தெற்கே. ஆகவே 'வடக்கு ஜன்னலில் வெயிலே வராது' என்று யாராவது சொன்னால், அவர் படித்த புத்தகம் இங்கிலாந்தில் அச்சானது என்று அர்த்தம். வடக்கு, தெற்கு இரண்டுக்கும் 2 அடி சன்ஷேடு போதும். சூரியன் உச்சியில் இருப்பதால் சின்னக் குடையே தாங்கும்.

மேற்குதான் வில்லன். 4 மணி வெயில் படுத்துக்கொண்டு வரும். எந்த சன்ஷேடும் அதைத் தடுக்காது. எனவே மேற்கே ஜன்னல் கிடையாது. முடிந்தால் அந்தச் சுவருக்கு வெளியே ஒரு பந்தல் போட்டு அவரையோ கோவைக்காயோ ஏற்றிவிடுங்கள். சுவருக்கு நிழல், குழம்புக்குக் காய்.

காற்று வருவது கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும். கோடையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று கிளம்பும். எங்கள் பக்கம் வந்து சேர இன்னும் கொஞ்சம் தாமதமாகும், தாம்பரம் லோக்கல் மாதிரி. அது வரும் வழியில் கதவோ ஜன்னலோ ஒன்று இருக்கவேண்டும். வந்த காற்று வெளியேற எதிர்ச் சுவரில் உயரமாக ஒரு திறப்பும் வேண்டும். வெளியே போக வழி இல்லாத காற்று உள்ளேயும் வராது. பத்திரிகை ஆபீஸில் செக் மாதிரி.

மரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. வேப்ப மரத்துக்குக் கிழக்கே அறை அமைந்தால் யோகம். சாயங்கால வெயிலை மரம் வாங்கிக்கொள்ளும். தென்னைக்கு அடியில் மட்டும் வேண்டாம், தேங்காய்க்கு ஆபீஸ் நேரம் தெரியாது. முருங்கை இன்னும் மோசம். கிளை சட்டென்று முறியும். மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சிகள் முன் அனுமதி இல்லாமல் பேட்டிக்கு வரும். எந்த மரமானாலும் கனத்த கிளை கூரைக்கு நேர் மேலே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது சென்னையில் விழுந்த மரங்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

*

"தகரம் போட்டுடலாம் சார். ரெண்டே நாள்ல முடிஞ்சிடும்" என்றார் கொத்தனார்.

தகரம் மே மாதத்தில் தோசைக்கல். கட்டுரை வருமோ வராதோ, அப்பளம் சுடலாம். ஆஸ்பெஸ்டாஸ் கூடவே கூடாது. எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஷீட்டை அறுக்கும்போது பறக்கிற தூள்தான் பெரிய ஆபத்து. ஓலைக் கூரை குளுமையானது. ஆனால் ஓலையை அடிக்கடி மாற்றவேண்டும், தீபாவளி ராக்கெட்டுக்கும் பிடித்தமானது.

கடைசியில் மங்களூர் ஓடு என்று முடிவாயிற்று. 1865இல் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் தொழிற்சாலை வைத்து ஆரம்பித்த சமாசாரம், இன்னும் இதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஓட்டின் இடுக்குகள் வழியே சூடு வெளியேறிவிடும். அடியில் மூங்கில் தட்டியால் ஒரு பொய்க்கூரை போட்டால் இன்னும் உத்தமம். ஒரே எதிரி பூனை. ராத்திரி சபலத்தில் ஓட்டை நகர்த்திவிட்டுப் போகும். மழைக்கு முன்னால் ஒருமுறை ஏறிப் பார்த்துவிடவேண்டும்.

சுவருக்கு லாரி பேக்கரைக் கூப்பிட்டுக்கொண்டேன். 2007இல் காலமாகிவிட்டதால் அவர் வரவில்லை, அவர் வழி வந்தது. இங்கிலாந்தில் பிறந்து, திருவனந்தபுரத்தில் குடியேறி, சிக்கனமாக வீடு கட்டுவதையே வாழ்க்கையாக வைத்துக்கொண்ட மனிதர். அவர் பரப்பிய முறைகளில் ஒன்று எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி அடுக்குவது. சுவருக்கு நடுவே பெட்டி பெட்டியாகக் காலி இடம் விழும். வழக்கமான சுவரோடு பார்த்தால் செங்கல்லில் சுமார் 4இல் 1 பங்கு மிச்சம். உள்ளே அடைபட்ட காற்று வெயிலைத் தடுக்கும். பி.காம். படித்தவனுக்கு இதைவிட என்ன சந்தோஷம்? செலவும் குறைகிறது, சூடும் குறைகிறது.

கொத்தனார் ரொம்ப நேரம் யோசித்தார். "சுவத்துக்குள்ள ஓட்டை விட்டா, எலி வராதா சார்?"

"எலிப்பொறின்னு பேர் வெச்சிருக்காங்களே, பயந்துக்கும்."

தரை மட்டம் முக்கியம். 2015 டிசம்பர் முதல் தேதி பெய்த மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானது. கொல்லை எது, ஏரி எது என்று தெரியவில்லை. அதனால் அறையின் தரையை மண்ணிலிருந்து 2 அடி உயர்த்தினேன். ஏற மூன்று படி. அஸ்திவாரம் போடும்போதே கரையான் மருந்து. பிறகு அடித்துக்கொள்ளலாம் என்று விட்டால், உங்கள் கட்டுரைகளை முதலில் முழுசாகப் படிப்பது கரையானாகத்தான் இருக்கும். கட்டுவதற்கு முன் உள்ளாட்சி அலுவலகத்தில் அனுமதி, மதில் சுவரிலிருந்து விடவேண்டிய இடம், இரண்டையும் கேட்டுவிடுங்கள். வாடகை வீடு என்றால், வீட்டுக்காரரை.

*

கரண்ட். வீட்டு பிளக்கிலிருந்து ஒயரை இழுத்து, மாமரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, ஜன்னல் வழியாக விடுகிற கைங்கரியம் வேண்டவே வேண்டாம். தோட்டம் என்றால் ஈரம், ஈரக்கால். மெயின் போர்டிலிருந்து தனி லைன், பைப்புக்குள் மண்ணுக்கு அடியில் வரவேண்டும். ஒழுங்கான எர்த் வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கரண்டைத் துண்டிக்கிற ஆர்.சி.சி.பி. ஒன்றும் கட்டாயம். உயிர் விஷயம் என்பதால் இந்த ஒரு பாராவில் மட்டும் ஜோக் கிடையாது.

இன்டர்நெட் ஒயருக்குத் தனி பைப். வீட்டு வைஃபை இரண்டு சுவர், ஒரு பீரோவைத் தாண்டி வருவதற்குள் மூச்சு வாங்கிவிடும். ஃபேனில் கஞ்சத்தனம் வேண்டாம். பழைய மாடல் சுமார் 75 வாட் சாப்பிடும், இப்போது வருகிற பி.எல்.டி.சி. வகை 30 வாட்டோடு எழுந்துவிடும். இன்வெர்ட்டரில் ஓட்டுவதற்கும் சௌகரியம். ஜன்னல்களுக்குக் கொசுவலை. 6 மணிக்கு மேல் தோட்டம் நம்முடையது இல்லை, கொசுக்களுடையது.

மேஜை இரண்டரை அடி உயரம். உட்கார்ந்தால் பாதம் தரையில் முழுசாகப் படியவேண்டும், முழங்கை மேஜை மட்டத்தில் நிற்கவேண்டும். ஜன்னல் உங்களுக்குப் பக்கவாட்டில் இருக்கட்டும். முன்னால் இருந்தால் கண் கூசும், பின்னால் இருந்தால் கம்ப்யூட்டர் திரையில் உங்கள் முகமும் வேப்ப மரமும்தான் தெரியும். லேப்டாப்பை நாலு புத்தகத்தின் மேல் ஏற்றித் திரையைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்து, தனி கீபோர்டு வாங்கிக்கொண்டால் கழுத்து உங்களை வாழ்த்தும். காசு செலவழிக்கவேண்டிய இடம் நாற்காலி. கல்லூரியில் நாற்காலிக்குத் தேய்மானம் கணக்குப் போடச் சொல்லிக்கொடுத்தார்கள். முதுகுக்கும் தேய்மானம் உண்டு, அதைப் புதுசாக வாங்க முடியாது என்று எந்த வாத்தியாரும் சொல்லவில்லை.

*

"எதுக்கு சார் ரெண்டு மேஜை? ஸ்டாஃப் இருக்காங்களா?" என்று கேட்டார் தச்சர்.

"ரெண்டு பேர். ஒருத்தர் பெர்மனென்ட், ஒருத்தர் டெம்பரரி."

"நீங்க பெர்மனென்ட்டா?"

"நான்தான் டெம்பரரி."

பெர்மனென்ட் ஸ்டாஃப் என் மனைவி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மூன்று செக்ஷன், செக்ஷனுக்கு 40க்கு மேல் பிள்ளைகள். ஒவ்வொரு பரீட்சைக்கும் கட்டுக் கட்டாக விடைத்தாள் வீட்டுக்கு வரும். கட்டிலில் உட்கார்ந்து, மடியில் தலையணை, அதன்மேல் பரீட்சை அட்டை. குக்கர் அடித்தால் எழுந்து போய், வந்து, எந்தப் பையனுக்கு எந்தக் கணக்கில் பாதி மார்க் போட்டோம் என்று திரும்பத் தேடி, மறுபடி குழம்பு கொதித்தால் எழுந்து போய்... நான் வீட்டில் லேப்டாப்பைத் திறந்தால் "ஒர்க் ஃப்ரம் ஹோம்". அவள் 11 மணிவரை கண் விழித்தால் "பேப்பர் திருத்தறா". அதை வேலை என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. சும்மா இருக்கிறவன் என்று என்னைத்தான் சொல்கிறார்கள் என்று இத்தனை நேரம் புலம்பினேன் அல்லவா? அவளுக்கு அந்தப் பட்டம்கூடக் கிடைக்கவில்லை. ஏனென்றால் அவள் சும்மா இருந்ததை யாரும் பார்த்ததே இல்லை.

1929இலேயே வர்ஜீனியா வுல்ஃப், பெண் எழுதவேண்டுமானால் அவளுக்குப் பணமும் சொந்தமாக ஓர் அறையும் வேண்டும் என்று ஒரு புத்தகம் முழுக்க வாதாடினார். அவர் எழுதியதும் ராட்மெல் கிராமத்தில் தோட்டத்து மரக் குடிசையில்தான். எழுதுவதற்கு மட்டுமா? எட்டாம் வகுப்பு 'பி' செக்ஷன் இயற்கணிதத்துக்கும் அது வேண்டும்.

எனவே கொல்லை ஆபீஸில் ஷிஃப்ட் முறை. காலை 9 முதல் மாலை 5 வரை டெம்பரரி. 6 முதல் 8 வரை பெர்மனென்ட். சனிக்கிழமை இருவரும். அவளுடைய மேஜை ஓரத்து மேஜை இல்லை, தென்கிழக்கு ஜன்னலுக்குப் பக்கத்து மேஜை. கடற்காற்று முதலில் அங்கேதான் வரும். அந்த 2 மணி நேரம் அடுப்படி என் பொறுப்பு. ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு என்று இரட்டைப் பதிவு முறையில் படித்ததை 15 வருஷம் கழித்துத் தோசைக்கல் முன்னால் கடைப்பிடிக்கிறேன்.

முதல் வாரம் கழித்து அவளிடம் கேட்டேன்: "எப்படி இருக்கு ஆபீஸ்?"

"விட்ட பேப்பர் விட்ட இடத்துலயே இருக்குங்க" என்றாள்.

ஒரு நல்ல ஆபீஸுக்கு இதைவிடப் பெரிய இலக்கணம் எனக்குத் தெரியவில்லை. தலையணை மேல் இருந்த விடைத்தாளை ஒவ்வொரு ராத்திரியும் அடுக்கி எடுத்து வைக்கவேண்டும், இல்லாவிட்டால் படுக்க இடம் இல்லை. இங்கே பேனாவை மூடிவிட்டு எழுந்து வந்துவிடலாம். நாளைக்கு அதே பக்கம் காத்திருக்கும்.

கடைசியாக ஒரு சாமான். ஒரு நல்ல பூட்டு. திருடனுக்காக இல்லை, வேலைக்காக. சாப்பாட்டு மேஜை ஆபீஸில் வேலை முடிவதே இல்லை. 10 மணிக்குச் சாதம் பிசையும்போதும் அது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். கொல்லை ஆபீஸில் லைட்டை அணைத்து, பூட்டைப் போட்டு இழுத்துப் பார்த்துவிட்டு 22 தப்படி நடந்தால், வேலை உள்ளே, நாம் வெளியே. லேப்டாப்பும் உள்ளேதான். வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்பது இந்த ஆபீஸின் ஒரே சர்வீஸ் ரூல்.

ஷாவைப் பார்த்து நானும் அறைக்கு ஒரு பெயர் வைத்தேன். தாம்பரத்துக்காரனுக்கு லண்டன் ரொம்ப தூரம். எனவே 'மவுண்ட் ரோடு'. அண்ணா சாலை என்று எத்தனை போர்டு வைத்தாலும் எங்கள் வீட்டில் அது மவுண்ட் ரோடுதான். பகலில் சீட்டுப் பிடிக்கிறவரோ, சாவி கொடுக்க வருகிறவரோ என்னைக் கேட்டால் அம்மா கூசாமல் சொல்லிவிடுகிறாள்: "அவன் மவுண்ட் ரோடு போயிருக்கான். சாயங்காலம்தான் வருவான்."

போன வாரம் ஏழு மணிக்கு எதிர் வீட்டு அம்மாள் வாசலில் நின்று, கொஞ்சம் உறை மோர் வேண்டும், மருமகள் இல்லையா என்று கேட்டார். நான் அடுப்படியில் தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தேன். அம்மா எழுந்து போய் மோரை ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சொன்னது காதில் விழுந்தது.

"அவ மவுண்ட் ரோடு போயிருக்கா. வேலை இருக்கு."